சிவப்பு மூடி, நீல மூடி

ஞாயிறு இரவு, ஷாதிபூர்.

இப்போது எழுதப்போவதை என் மனைவியும் நம்பமாட்டாள், அந்தமான் கடலும் நம்பாது. இருந்தாலும் சத்தியம் செய்துவிட்டே எழுதுகிறேன்.

மெயின்லேண்டில் அணு இணைவு ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த பாஸ்கரன் இன்று விருந்தாளியாக வந்தான். உலையைச் சூடாக்கும் துகள் கற்றை உள்ளே இருக்கும் தகட்டில் எங்கே விழுகிறது என்பதை, அதில் பதித்த தெர்மோகப்பிள்கள் என்ற வெப்ப உணரிகள்தான் சூட்டை வைத்துச் சொல்லும். ஒரு நாள் அவற்றின் இடது, வலது வயர்கள் மாறிக் கிடந்தன. கற்றையை நடுவுக்குத் திருப்பத் திருப்ப அது ஓரத்துக்கே ஓடிச் சுவரைப் பொசுக்கியது. வயரை மாட்டியவன் அவன். பழி என்மேல். கற்றைப் பிரிவிலிருந்தே என்னைத் தூக்கினார்கள்.

ஆகவே குளியலறைச் சுடுநீர், குளிர்நீர்க் குழாய்களின் சிவப்பு, நீல மூடிகளை இடம் மாற்றி வைத்தேன்.

"பாஸ்கரன் அண்ணனுக்கு கரம் பானி, சுடுதண்ணி வருதாங்க?" என்றாள் மனைவி.

"சூரியனே வருது," என்றேன்.

இரண்டையும் திறந்த பாஸ்கரன் சூடு தாங்காமல் நீலத்தை இன்னும் திருகினான், இன்னும் சுட்டது, மேலும் திருகினான். அவன் அலறலில் தூரத் தீவான லாங் ஐலண்டுப் படகுகள் தாமாகக் கரையேறின. அவன் வழுக்கையில் அப்பளம் பொரிந்தது.

சரி, அவன் அலறவில்லை. இரண்டு குழாயையும் தனித்தனியாகத் திறந்து, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குளித்திருக்கிறான். தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "மாத்தி வச்சிருக்கீங்கண்ணே. அன்னிக்கு நான் மாட்டின மாதிரியே," என்றான்.

இது மட்டும் நிஜம். அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி அவன் இதைச் சொல்லும்வரை மூடிகள் இப்படியேதான் இருக்கும்.