பன்னிரண்டாவது பலகை

ஹைஃபா
12-3-1951

அன்புள்ள ஹுமாயூன் மாமுவுக்கு, எஸ்ரா மகள் லேயா எழுதுவது.

நீங்கள் படம் வரைந்த பதினோரு பலகைகளும் பத்திரமாக வந்து சேர்ந்தன. இராயபுரத்தில் நம் யூதர் சந்து வீடுகளை இடித்துக் கிடங்கு கட்டிவிட்டார்கள் என்று கேட்ட நாளிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது பலகைகளைச் சுவரோரம் நிறுத்திவைத்து, "பாரு லேயா, நம்ம சந்து இங்கியே வந்துகீது" என்கிறார்.

ஒரு குறை சொல்லலாமா? எல்லா வீடும் சாத்திக் கிடக்கிறது. ஓர் ஆளைக்கூடக் காணோம். சந்தே செத்துப்போன மாதிரி ஏன் வரைந்தீர்கள்?

அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. வருஷக் கடைசிக்குள் பார்வை போய்விடும் என்கிறார் டாக்டர். இறந்துபோன அம்மாவின் ஒரே போட்டோவும் கப்பலில் நனைந்து வீணாகிவிட்டது. பார்வை போவதற்குள் அம்மா முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டுமாம் அப்பாவுக்கு. அம்மா வாசலில் நிற்கிற மாதிரி ஒரு படம் எழுதி அனுப்புங்கள் மாமு.

உங்கள்
லேயா

கல்மண்டபம், இராயபுரம்
2-4-1951

அன்பு மகள் லேயாவுக்கு ஹுமாயூனின் துஆ.

சந்து சாகவில்லை அம்மா. நான் அங்கே வந்ததெல்லாம் சனிக்கிழமை, உங்கள் ஓய்வுநாள். அன்று உங்கள் ஆட்கள் நெருப்புத் தொடக்கூடாது. மூட்டித்தா என்று வாய்விட்டுக் கேட்பதும் தப்பாம். உன் அப்பா வாசலில் நின்று, "இன்னா குளிரு ஹுமாயூன்!" என்பார். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்! நான் உள்ளே போய் அடுப்பை மூட்டிவிட்டு, எதிர்ச்சுவர் நிழலில் உட்கார்ந்து வரைவேன். கப்பலுக்குப் பெயர் எழுதி மிஞ்சிய பெயிண்டு, கள்ளிப்பெட்டிப் பலகை. அன்று எல்லோரும் ஜெபத்தில் இருப்பீர்கள். வேறு எதை வரைவேன்?

உன் அம்மா முகம் எனக்குத் தெரியாது. பதினெட்டு வருஷம் அந்த அடுப்பங்கரைக்குப் போனேன், ஒருநாளும் தலை நிமிர்ந்ததில்லை. உன் அப்பாவும் என் வீட்டுக்காரி ஷம்ஷாத்தைப் பார்த்ததில்லை. எங்கள் சிநேகிதம் அப்படி. உன் அம்மாவோடு பழகிய ஷம்ஷாத் இருந்தால் அவளைக் கேட்டு வரைந்திருப்பேன். அவளும் மவுத்தாகி ஒரு வருஷம் ஆகிறது. என்னை விட்டுவிடு அம்மா.

ஹுமாயூன்

ஹைஃபா
30-4-1951

மாமு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசிக்க எனக்கு மனசு வரவில்லை. படம் கப்பலில் வருகிறது என்று பொய் சொல்லிவிட்டேன். தினமும் கேட்கிறார். ஏதாவது செய்யுங்கள்.

லேயா

கல்மண்டபம்
9-6-1951

மகள் லேயாவுக்கு,

அனுப்பியிருக்கிறேன். ஒரே நாளில் முடிந்தது, கை தானாகப் போனது. எப்படி எழுதினேன் என்று கேட்காதே. அப்பாவிடம் காட்டு. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

ஹுமாயூன்

ஹைஃபா
3-9-1951

அன்புள்ள மாமுவுக்கு,

பலகையைப் பிரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் பார்க்காத முகம்தானே என்று நினைத்திருப்பீர்கள். ஆண்கள் பார்க்கவில்லை, சரி. சின்ன வயதில் நான் ஷம்ஷாத் மாமி மடியில் உட்கார்ந்து சேமியா தின்றவள் மாமு. எனக்கு மாமி முகம் தெரியாதா?

யார் என்று சொல்லாமல் அப்பாவிடம் கொடுத்தேன். ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "இது உங்கம்மா இல்லே. ஆனா ஹுமாயூன் யாரையோ உசுரா நினைச்சு வரைஞ்சுகீறான். யாரு இது?" என்றார்.

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. சொன்னேன்.

சட்டென்று பலகையைக் கவிழ்த்துவிட்டார். "தோஸ்து வூட்டுப் பொம்பளய நான் பாக்கலாமா? முதல்லயே சொல்றதில்லியா நீ?" என்று என்னைத் திட்டினார். அப்புறம் அழுதார். அம்மாவுக்காகவா மாமிக்காகவா என்று நான் கேட்கவில்லை. அம்மா படம் வேண்டுமென்று அவரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

"அவனுக்கு எழுதாதே, வெக்கப்படுவான். திருப்பி அனுப்பிடு, அவனுக்கு வேணும்" என்றார். அவர் பேச்சை மீறி எழுதுகிறேன்.

பலகையை என்னைச் சுற்றவிடவில்லை. தன் சலவை வேட்டியில் தானே சுற்றினார். பார்வை இருக்கப்போவதே இன்னும் கொஞ்ச நாள் மாமு. அந்தக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தடவித் தடவிச் சுற்றினார்.

உங்கள் மகள்
லேயா