தேயாத செருப்பு

ரேஷன் கடைக்குக் கிளம்பிய செண்பகம், தூங்கிக்கொண்டிருந்த கணவன் சேட்டுக்கு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலை அழுத்தி எழுதினாள்:

“யோவ், அறிவு கீதா ஒனக்கு? நேத்து ஒன் செருப்பு வாரு தைக்கக் குடுத்தேன். ‘மூணு வருசமா போட்டுக்கினு கீறாரா? அடி தேயவே இல்லியேம்மா’ன்னு தைக்கிறவன் சிரிக்கிறான். இப்பதான் ஒன் உள்ளங்காலப் பாத்தேன். வெடிச்சு ரத்தம் கட்டிக் கீது. செருப்பக் கையில தூக்கினு போய் ஆபீஸ் வாசல்ல மாட்டிக்கிறே, அதானே?

பென்ஷன் வாங்கறதுக்குள்ள கடன அடைக்கணும்னு சொன்னது நான்தான். அதுக்கோசரம் டிராம் வண்டிய வுட்டுட்டு நடன்னேன். வெறுங்கால்லயா நடக்கச் சொன்னேன்? இனிமே தெனம் சாயந்தரம் செருப்பத் திருப்பிப் பாப்பேன். அடியில மண்ணு ஒட்டலேன்னா சோறு கெடையாது.

பானையில பழையது கீது. வெங்காயம் கூடையில. துன்னுட்டுப் போ.”

தாளைச் செருப்புக்குள் திணித்தவள், வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். விளக்கைக் கவிழ்த்தாள். பிறகு தாளின் ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

“வெளக்குல இருந்த எண்ணெயக் கிண்ணத்துல ஊத்தி வெச்சிருக்கேன். கால்ல தடவிக்கினு போ. மாசக் கடைசி, வேற எண்ணெ இல்ல. பரவால்ல, சாயந்தரம் இருட்டுலயே ஒன்னத் திட்டிக்கிறேன்.”