பத்துக் கோடியே ஒன்று

நேற்று உன் மனைவி என்னைக் கல் செதுக்குபவரின் பட்டறைக்குக் கூட்டிப் போனாள். உள்ளே ஈரக் கல்தூசி மணத்தது. உன் கல்லறைக் கல்லில் பெயர் வெட்டியாகிவிட்டது. அதன் கீழே வெட்ட வேண்டியதைப் பென்சிலால் எழுதியிருந்தார்கள்: 100000001. எனக்குச் சிரிப்பு வந்தது. இருமுவதுபோலச் சமாளித்தேன்.

இந்த எண்ணை நீ முதலில் எனக்குத்தானே தந்தாய்? பீல் நகர உயர்பள்ளியில் கடைசி வருடம். பஸ்ஸுக்கு நின்றபோது என் உள்ளங்கையில் பேனாவால் எழுதினாய். "இந்தப் பக்கம் ஒண்டு நான், அந்தப் பக்கம் ஒண்டு நீ. நடுவில எத்தினை பூச்சியம் வந்தாலும் வரட்டும். இது முதன்மை எண். ஒருத்தராலயும் பிரிக்கேலாது." மூன்றால், ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால் வகுத்துப் பார்த்தும் மீதி வந்ததாம். பெருமை வேறு. கையைக் கழுவ மனமில்லாமல் திரிந்தேன் நான், வெட்கங்கெட்டவள்.

பிறகு பேர்ணில் உனக்குக் கல்யாணம். மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அதே எண்ணை, அதே வசனத்தோடு அவளுக்குச் சொன்னாய். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, பாவி. சனம் கைதட்டியது. வாயில் ரோல்ஸோடு நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்த கையோடு தாளை எடுத்துப் பதினேழால் வகுத்தேன். மீதியே இல்லை. நீ பதின்மூன்றோடு அலுத்துப்போய் விட்டிருக்கிறாய். அடுத்த முதன்மை எண்ணே அதைப் பிரித்துவிட்டது. எதையும் பாதியில் விடுகிறவன்தானே நீ.

அப்போதே சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டு வேறொரு எண்ணைப் பிடித்திருப்பாய். உனக்குத் தலை நரைத்த பிறகு, ஊரே கூடியிருக்கும் ஒரு சபையில் போட்டு உடைப்பதற்கென்று வைத்திருந்தேன். அதற்கும் இடம் தராமல் செத்துப்போனாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பட்டறையில் உன் மனைவி கேட்டாள்: "அக்கா, நீங்கள் கணக்குப் படிப்பிக்கிறனீங்கள். இது பிரிக்கேலாத எண்தானே? பிழையெண்டால் வெட்ட வேண்டாம்."

அவள் பாவம். உண்மையைச் சொன்னால் அழுதிருப்பாள். ஆனால் அவளுக்கு இரங்கி நான் பொய் சொன்னேன் என்று நினைத்துவிடாதே.

"ஓம். வெட்டச் சொல்லுங்கோ. நல்ல ஆழமா வெட்டச் சொல்லுங்கோ."

இந்த நாட்டில் கல்லறைக்கும் இத்தனை வருடம் என்று தவணை உண்டு. முடிந்ததும் கல்லைப் பெயர்த்து எடுத்துவிடுவார்கள். அதுவரைக்கும் உன் பிழை மழையிலும் பனியிலும் உன் தலைமாட்டில் நிற்கும். வகுக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் கண்டுபிடிக்கலாம். நான் பூவோடு வந்து ஆசைதீரப் பார்ப்பேன்.

உன் எண்ணைப் பதினேழால் வகுத்தால் வருவது 5882353. அதை 588 என்றும் 2353 என்றும் இரண்டாக உடைத்துப் பார். ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கி, வந்த இரண்டையும் கூட்டு. திரும்பவும் 5882353தான் வரும். உடைத்துப் போட்டாலும் பழையபடி எழும்பி நிற்கிற எண் அது. பதின்மூன்றோடு விடாமல் இன்னும் நாலு எண் பொறுத்திருந்தால் உன் கைக்கு வந்திருக்கும். இப்போது அது என்னுடையது.