கோயில் சாவியும் நாற்பத்தைந்து நாளும்

பூசைக்குப் போடா போடா என்று என்னை விரட்டியே தொண்டை கட்டிப்போன என் பிலோமி அக்காவுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு நம் பங்குக் கோயிலில் நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு படம், கூடவே நாலு வரி. எல்லாரும் "உங்கள் நினைவால் வாடும்" என்று ஆரம்பித்துப் பேரன் பேத்தி பெயரோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டு பக்கமாவது வேண்டும் என்றதும் மலர் தயாரிக்கிற வாத்தியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. யாருக்கு என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். சரி, எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டார்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகியும் உன் கட்டிலை யாரும் எடுக்கவில்லை. இப்போது அதில் துவைத்த துணி படுத்திருக்கிறது. துறைமுகத்துக் கரித்தூள் இன்னும் கொடியில் காயும் வேட்டியைத் தேடி வந்து உட்காருகிறது. இந்தத் தூசியில் பீடத்துணியை அவ்வளவு வெள்ளையாக எங்கே வைத்துக் காயப்போட்டாய் என்று என் வீட்டுக்காரி சகாயம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கும் தெரியவில்லை. அந்த ரகசியத்தை உன்னோடு கொண்டுபோய்விட்டாய்.

என்னிடமும் ஒன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்த வருஷம் உன்னிடமிருந்து கோயில் சாவியை வாங்கச் சொல்லி ஃபாதரிடம் போய்க் கேட்டது நான்தான். ரோசாலி இல்லை.

மலரைப் படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ இறால் கம்பெனியில் உரிக்கிற வேலை பார்த்தாய். பகல் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. காலை ஐந்தேகாலுக்கும் சாயங்காலம் ஐந்தரைக்கும் கோயில். மெழுகுத்திரி, பூ, பீடத்துணி, மைக், பாட்டு, ஞானோபதேச வகுப்பு எல்லாம் உன் பொறுப்பு. சாவிக்கொத்து உன் முந்தானை நுனியில் தொங்கும். நீ வருவதற்கு முன் அதன் சத்தம் வந்துவிடும், வகுப்புப் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் தந்த ஓய்வு நாள் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நீ. அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே மூன்று பூசை, ஒரு ஞானஸ்நானம், மத்தியானம் வகுப்பு, சாயங்காலம் தெரு வீடுகளில் அன்பிய ஜெபக் கூட்டம் என்று ஓடி, சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தவளும் நீதான். இது இரண்டும் உனக்குள் எப்படிச் சண்டை போடாமல் இருந்தன? ஒரு பிள்ளைகூட அதை உன்னிடம் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் எவனுக்கு இருந்தது.

நான் கோயில் வாசலில் நின்று பூசை பார்க்கிற ஆள். பிரசங்கம் ஆரம்பித்ததும் டீக்கடைக்குப் போய்விடுவேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரம்பூர் ஒர்க்‌ஷாப். அங்கே ரயில் பெட்டி குறிப்பிட்ட மாசம் ஓடியதும் உள்ளே வந்தே ஆக வேண்டும். ஓடுகிற பெட்டிதானே, இன்னும் ஆறு மாசம் ஓடட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. சக்கரத்தைக் கழற்றி, பெட்டியைத் தூக்கி நிறுத்திவிடுவோம். உன் காலில் சர்க்கரைப் புண் வந்து, கட்டுப் போட்ட காலோடு நீ கோயில் படியில் பூந்தொட்டி தூக்கியதைப் பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

அது விசைப்படகுகளுக்கு முதன்முதலாகத் தடைக்காலம் போட்ட வருஷம். மீன் குஞ்சு பொரிக்கிற பருவம், ஏப்ரல் பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து நாள் கடலுக்குப் போகக்கூடாது. காசிமேட்டில் படகெல்லாம் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு நின்றன. இறால் வரத்து இல்லாததால் கம்பெனியையும் மூடினார்கள். டாக்டர் ஏற்கெனவே காலை ஊன்றாதே என்று சொல்லியிருந்தார். இனிமேல் உனக்கு ஓய்வு என்று நானும் சகாயமும் சந்தோஷப்பட்டோம். நீயோ அன்றைக்கே உட்கார்ந்து பட்டியல் போட்டாய். புனிதர்களின் சுரூபங்களை இறக்கிக் கழுவ வேண்டும், மாதா வணக்க மாதத்துக்குத் தினம் ஒரு வீட்டில் ஜெபமாலை, மாதா குகைக் கெபிக்கு வெள்ளை அடிக்க வேண்டும். காலைப் பார் என்று சொன்னேன்.

"ஆண்டவரு வேலைக்கு லீவு போடச் சொல்ல நீ யார்ரா?" என்றாய்.

நான் யாரும் இல்லை. அதனால் மறுநாள் வேலை முடிந்ததும் ஃபாதரிடம் போனேன். அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார், தெற்கத்திக்காரர், நல்ல மனுஷன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நிலத்துக்கே ஏழாவது வருஷம் ஓய்வு விடச் சொன்ன ஆண்டவர் உங்கள் அக்காவுக்கு விடமாட்டாரா என்றார். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார். இன்றுவரை அவர் வாயிலிருந்து அது வரவில்லை.

அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து, சனமெல்லாம் நிற்கும்போது, "சாவியைக் கொடுங்கம்மா, நாற்பத்தைந்து நாள் ஓய்வெடுங்க" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். நம் கோயிலில் சாவியைத் திருப்பி வாங்கினால் என்ன அர்த்தம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? உனக்கு முன்னால் சாவி வைத்திருந்தவர் குடித்துவிட்டு வந்து, யாருமே சாகாத ஒரு மத்தியானத்தில் சாவு மணி அடித்தார். அன்றைக்குத்தான் கடைசியாக ஒருவரிடமிருந்து சாவியை வாங்கியிருந்தார்கள். சனம் அதை மறக்கவில்லை. பிலோமி என்ன தப்புச் செய்தாள் என்று மாலைக்குள் தெரு முழுக்கப் பேச்சு.

போதாததற்கு அந்தச் சாவியை ஃபாதர் ரோசாலியிடம் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்து ஆயா ரோசாலி, கோயில் துணி இஸ்திரி போட உனக்குக் கூடமாட ஒத்தாசைக்கு வருகிறவள். எல்லா வேலையையும் ஒருத்தியே பார்க்க வேண்டுமா என்று மாதர் கூட்டத்தில் ஒருமுறை கேட்டவள். நீ கணக்குப் போட்டுவிட்டாய். போட்டுக்கொடுத்தது அவள்தான் என்று முடிவும் செய்துவிட்டாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம் நீ சுவரைப் பார்த்தே படுத்திருந்தாய். கஞ்சி கொடுத்தாலும் சோறு கொடுத்தாலும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் வாரம் தூங்க ஆரம்பித்தாய். அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததில்லை. ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தால் சகாயம் வாசலிலேயே நிற்பாள். "பொழுதுக்கும் தூங்கிகினே கீது. பயந்து போயி மூக்காண்ட கை வச்சிப் பாத்தேன்" என்பாள். இருபது வருஷத் தூக்கம், மொத்தமாக வந்து உன்மேல் விழுந்தது.

மூன்றாம் வாரம் நீயே எழுந்து கடலோரக் கருங்கல்லில் போய் உட்கார்ந்தாய். சகாயம் சுண்டல் வாங்கி வந்தாள். நிற்கிற படகுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். கடல் இவ்வளவு சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை என்றாய். பிறகு, புயலில் படகு ஆடும்போது தலகாணி போட்டுத் தூங்கியவர்தானே நம் ஆண்டவர் என்று சொல்லி நீயே சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகவே நான் செய்தது சரி என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நாலாவது ஞாயிறு நீ சாவி இல்லாமல் பூசைக்குப் போனாய், போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாய். நான் வழக்கம்போல வாசலில் நின்றேன். முடிந்து வெளியே வந்தபோது உன் கண் கலங்கியிருந்தது. யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களோ என்று பயந்தேன்.

"இருவது வருசத்துல இன்னிக்கித்தாண்டா பூசை பாத்தேன்" என்றாய்.

மற்ற நாளெல்லாம் திரி அணைகிறதா, மைக் கத்துகிறதா, திராட்சை ரசம் குப்பியில் போதுமா என்று மட்டும்தான் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டே நடந்தாய். எனக்குத் தெரிந்து உன் வாயிலிருந்து வந்த ஒரே பிரசங்கம் அது. அதற்கு நான் டீக்கடைக்குப் போகவில்லை.

படகு கடலுக்குப் போன அன்று ஃபாதர் சாவியைத் திருப்பித் தந்தார். நீயும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாய். ஆனால் அடுத்த ஏப்ரலில் யாரும் கேட்காமலே போய்ப் பீடத்தின் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு வந்தாய். கடலுக்கு லீவு என்றால் எனக்கும் லீவு என்றாய். அப்படி ஆறு தடைக்காலம். கால் புண்ணும் ஆறியது. சாவி கொடுப்பது தண்டனை இல்லை என்று தெருவும் மெல்ல ஒத்துக்கொண்டது.

ரோசாலி விஷயத்தில் மட்டும் நீ இறங்கி வரவே இல்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்லும்போது நாலு பக்கமும் திரும்பிக் கை கூப்புவாய். அவள் இருக்கிற பக்கம் மட்டும் திரும்பமாட்டாய். ஆறு வருஷம் வாசலில் நின்று அதைப் பார்த்தேன். முதலில் உன் வாய்க்குப் பயந்து சொல்லவில்லை. பிறகு, நீதான் சந்தோஷமாக ஓய்வெடுக்கிறாயே, பழசைக் கிளறுவானேன் என்று சொல்லவில்லை. அப்புறம் இத்தனை வருஷம் கழித்து எந்த முகத்தோடு சொல்வது என்று சொல்லவில்லை. ஒரு காரணம் தீர்ந்தால் இன்னொன்று கைவசம் இருந்தது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் நீயே கேட்டாய். "ரோசாலி மேல நான் நெனச்சது தப்பா இருந்தா இன்னாடா பண்றது?" அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. நானோ உன் போர்வையை இழுத்துவிட்டு, இப்போ தூங்குக்கா, அப்புறம் பேசலாம் என்றேன். மறுநாள் நீ பேசுகிற நிலையில் இல்லை. உன்னை ஓய்வெடுக்க வைத்ததற்கு நான் வருத்தப்படவில்லை. அந்தத் "தூங்குக்கா"வுக்குத்தான் வெட்கப்படுகிறேன்.

உன் அடக்கத்துக்கு ரோசாலி அக்கா வந்தாள். பெட்டியின் மேல் விரித்த வெள்ளைத்துணியை இஸ்திரி போட்டதும் அவள்தான். அன்றிலிருந்து சாவியும் அவளிடம்தான் இருக்கிறது.

போன வாரம் இந்தக் கடிதத்தை வாத்தியாரிடம் கொடுப்பதற்கு முன்னால் அவள் வீட்டுக்குப் போனேன். அச்சில் வந்து அவள் தெரிந்துகொள்வது நியாயம் இல்லை என்று பட்டது. முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும் அந்தோணி. நீ ஃபாதராண்ட பேசிகினு இருந்தப்போ நான் பக்கத்து ரூம்புல துணி தேச்சிகினு இருந்தேன்."

அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் அக்காவிடம் ஏன் சொல்லவில்லை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் மேல் பழி போயிருக்குமே என்று கேட்டேன்.

"சொன்னா இன்னா பண்ணியிருப்பா? உன்னைக் கிழிச்சிட்டு, சாவியப் புடுங்கிகினு மறுநாளே ஓடியிருப்பா. அந்தக் காலு போயிருக்கும். கோவத்தோட படுத்தாலும் தூங்கினா இல்ல? யாரு மேலயாவது கோவப்பட்டாத்தான் தூங்குவான்னா, அது என் மேல இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டேன்."

பிறகு டீ போட எழுந்தாள். எழுந்திருக்க இரண்டு முறை சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. நீ போன பிறகு இரண்டு தடைக்காலம் வந்துபோயின. அவளிடம் சாவியைக் கேட்டு யாரும் கை நீட்டவில்லை, நான் உட்பட.

ஆகவே, அக்கா, இதை எல்லாரும் படிக்கும்படியாகவே சொல்கிறேன். வருகிற ஏப்ரலில், படகெல்லாம் கரைக்கு வந்து நிற்கிற அன்று சாயங்காலம், ரோசாலி அக்காவிடமிருந்து சாவியை நான் வாங்கிக்கொள்கிறேன். ஐந்தேகாலுக்குக் கதவைத் திறந்து, திரி ஏற்றிவிட்டு அப்புறம் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறேன். பிரசங்கத்துக்கும் உள்ளேயே இருந்து தொலைக்கிறேன். நாற்பத்தைந்து நாளும் அவள் கடைசி வரிசையில், நீ உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பூசை பார்க்கட்டும். சமாதானம் சொல்லும் நேரம் வரும்போது, அவள் பக்கம் திரும்பி நான் இரண்டு முறை கை கூப்புவேன். ஒன்று என்னுடையது.

வாசலிலிருந்து உள்ளே வரப்போகிற உன் தம்பி,
அந்தோணி