நான்காவது அப்பம்

ஜூலை 6, ஞாயிறு

இன்றும் வேண்டாம் என்றுவிட்டார். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய் நற்கருணை அப்பம் கொடுக்கும் பணியை ஏற்றுக்கொண்டபோது, வாங்க மறுப்பவரும் ஒருவர் இருப்பார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் மூன்று வீடுகளிலும் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருக்கிறார்கள். கடைசி வீடு கணக்கு வாத்தியாருடையது. ரிட்டயர் ஆனவர், மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டார், முட்டியில் பலமில்லை. மூன்றாவது மாடி, லிஃப்ட் பேருக்குத்தான் இருக்கிறது. மூச்சு வாங்க ஏறிப் போனால், மேசையில் பழைய செய்தித்தாளும் மாத்திரை அட்டையும்.

"இன்னிக்கு வேண்டாம்மா. அடுத்த வாரம் பாக்கலாம்."

கோயிலுக்குச் சொல்லியனுப்பிப் பெயர் கொடுத்ததே இவர்தானாம். கொடுத்துவிட்டு ஏன் இந்தப் பாடு படுத்துகிறார்?

கொடுக்காத அப்பத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. திரும்பக் கோயிலுக்குப் போய் நற்கருணைப் பேழையில் வைக்க வேண்டும். அதற்குள் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார். கையைக் கழுவிக்கொண்டு சாவியோடு வருகிறார். "இன்னிக்கும் மீதியாம்மா?" நான் சமைத்து மிஞ்சியதைப் போல.

ஜூலை 9, புதன்

ஃபாதரிடம் சொன்னேன். "நீங்க பாட்டுக்குப் போய்ட்டே இருங்கம்மா" என்றார். அவருக்கென்ன, படி ஏறுவது நான்.

ஜூலை 13, ஞாயிறு

வேண்டாம்.

நற்கருணைச் சிமிழோடு போகிறவளை வழியில் நிறுத்திப் பேசக் கூடாது என்பது எங்கள் கோயில் பங்கில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் திரும்பும் வழியில் மாதர் சங்கத் தலைவி மறித்துக்கொண்டு, கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்கிறார். கழுத்தில் தொங்கும் சிமிழைக் காட்டினேன். "அட, குடுத்து முடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்." நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் காலித் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "ஒண்ணு கம்மியா எடுத்துட்டுப் போயேன். அந்த மனுஷன் எப்படியும் வாங்கப் போறதில்ல."

இவர் சொல்வதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

எழுதவே மனம் வரவில்லை.

மூன்றுதான் எடுத்துப் போனேன். வாத்தியாரை எட்டிப் பார்த்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று. கதவு திறந்தே இருந்தது. மேசையில் வெள்ளைத் துணி — ஓரத்தில் பூவேலை செய்தது. மெழுகுவர்த்தி எரிகிறது. சவரம் செய்து, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நிற்கிறார்.

"இன்னிக்கு வாங்கிக்கிறேன்மா."

"சார்... இன்னிக்கு உங்களுக்கு எடுத்துட்டு வரல."

கோபப்பட்டிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார். "அவ மூணு மாசம் படுக்கையில கிடந்தா. வாராவாரம் இந்தத் துணிய விரிச்சு வெச்சுக் காத்திருந்தா. கோயில்ல கேட்டா, கொண்டு வர ஆள் இல்லன்னாங்க. இப்ப ஆள் வருதுன்னதும் பேரு குடுத்துட்டேன், ஆனா அவளுக்குக் கிடைக்காதது எனக்கு எதுக்குன்னுதான் வேண்டாம்னுட்டு இருந்தேன். இப்ப என்னடான்னா, ஆள் வருது, அது வரல." குனிந்து மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்.

கோயிலுக்கு ஓடினேன். கோயில்பிள்ளையைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி, ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடியும் அத்தனை படியும் ஏறினேன். கதவு சாத்தியிருந்தது. "படுத்துட்டேம்மா" என்று உள்ளேயிருந்து குரல். திரும்பவும் கோயில். திரும்பவும் சாவி. கோயில்பிள்ளை தானாகவே ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து இவர்மேல் எரிந்து விழுந்தேன். இவர் ஆயிரம் சொல்வார், செய்தது யார்? நான்தானே? என் புத்தி எங்க போச்சு?

ஜூலை 21, திங்கள்

அந்தத் துணியை வெளியே எடுக்க அவருக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும். அதையே நினைத்து நினைத்து ஆபீசில் ஒரே கடிதத்தை மூன்று தடவை டைப் அடித்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

நான்கு எடுத்துப் போனேன். மேசையில் செய்தித்தாள், மாத்திரை அட்டை. "வேண்டாம்மா."

எனக்கும் பொறுமை போய்விட்டது. "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க சார், அது உங்க இஷ்டம். போன வாரம் பண்ணது தப்பு. இனிமே உங்களுக்கு எடுத்துட்டு வரலன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன். நீங்க பத்தாவது மாடிக்குக் குடி போனாலும் ஏறி வருவேன்." அழுகை வந்துவிட்டது, அதுவும் கோபத்தில்.

அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "கைப்பிடியப் புடிச்சு எறங்கு. படி ஈரமா இருக்கு."

மறுபடி கோயில், மறுபடி சாவி, மறுபடி "மீதியாம்மா?"

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நல்ல மழை. குடை காற்றில் திரும்பிக்கொண்டு கம்பி உடைந்தது. முழங்கால்வரை சேறு. இன்றைக்கும் வேண்டாம் என்று சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று முணுமுணுத்தபடியேதான் படி ஏறினேன்.

வெள்ளைத் துணி விரித்திருந்தது. ஜன்னல் காற்றில் மெழுகுவர்த்தி அணைந்துகொண்டே இருக்க, அவர் தீப்பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "லேட்டு" என்றார்.

ஜன்னலைச் சாத்தினேன். சிமிழைத் திறந்தேன்.

"கிறிஸ்துவின் உடல்."

"ஆமென்." வகுப்பில் வருகை எடுக்கும் வாத்தியார் குரல்.

வெகு நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு, "தொண்டையில ஒட்டுது, தண்ணி குடு" என்றார். கொடுத்தேன். "துணிய மடிச்சு வெச்சுட்டுப் போ. சுருக்கம் விழுந்தா அவளுக்குப் புடிக்காது." அவர் சொன்ன மாதிரி இரண்டு தடவை மடித்தேன். இரண்டு தடவையும் குறை சொன்னார்.

கோயில் வழியாகத்தான் திரும்பினேன். கோயில்பிள்ளை சாப்பிடப் போகாமல், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார்.

"இன்னிக்கும் மீதியாம்மா?"

"இல்லண்ணே. நீங்க போய்ச் சாப்பிடுங்க."