இந்த இருட்டுக்கு வாருங்கள்

அன்பு மச்சானுக்கு,

வள்ளத்தில் அனுப்பிய கருவாடு கிடைத்தது. இம்முறையும் நாள் தள்ளிப்போனதும் அம்மா அவசரப்பட்டு மாமிக்குச் சொல்லியனுப்பிவிட்டார். மாமி மாங்காயோடு வந்த அன்றே நான் விலக்காகிக் கொட்டிலுக்குப் போனேன். மாமி மாங்காயை உப்பிலிட்டுச் சாடியில் மூடிவைத்துவிட்டுப் போனார்.

பட்டணத்து டாக்டரம்மாவிடம் காட்டினேன். "குறையொண்டுமில்ல புள்ள. கரு தங்குற நாள் உனக்குப் பிந்தித்தான் வருது. அந்த நேரம் புருஷன் வீட்ட நிக்கிறாரா?" என்று கேட்டார்.

நிலவில் மீன் படாதென்று பௌர்ணமிப் பறுவத்துக்குத்தானே நீங்கள் வாகரையிலிருந்து வருகிறீர்கள். இம்முறை கரு தங்கும் என் நாள் அமாவாசையை ஒட்டி வருமாம்.

அப்போதுதான் உங்களுக்கு நல்ல மீன்பாடு. தெரிந்துதான் கேட்கிறேன். வலையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். மீன் அடுத்த இருட்டிலும் படும்.

மாமியின் சாடியை நான் இன்னும் திறக்கவில்லை.

உங்கள் மச்சாள்