ஏரிக்கு முந்திய கோவில்

1982 மார்ச் 3

காலையிலிருந்து மழை. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன நாங்கள் பாதியில் திரும்பிவிட்டோம். மத்தியானம் ஷஹாபுதீன் வந்தான். எஸ்டேட்டுக்குப் பக்கத்து ஊரான ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சேக் தாவூத் அண்ணனின் மகன். இப்போது டவுன் ஆபீசில் வேலை. ஏரிக்கரை ரோட்டை அகலமாக்கப் போகிறார்களாம். பழைய கட்டடங்களை மட்டும் விட்டுவைப்பார்களாம். துரை பங்களா, மரப்பாலம், அவன் அப்பாவின் பலகைக் கடை எல்லாம் லிஸ்டில் எழுதிவிட்டான். எங்கள் மாரியம்மன் கோவிலை எழுதவில்லை.

"அக்கா, வாசல் கல்லுல 1974ன்னு இருக்கு. ஏரி வந்ததே 63லதான. அதுக்கு முந்தி உள்ளதுதான் லிஸ்டுல போகும்" என்றான்.

74 கும்பாபிஷேகம் நடந்த வருஷம். கோவில் அதற்கு எவ்வளவோ மூத்தது. எனக்குத் தாலி கட்டியதே அங்கேதான், 55-இல். சொன்னால் போதாதாம், அத்தாட்சி வேண்டுமாம். மாசக் கடைசி வரை தவணை.

மார்ச் 5

எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியைக் கேட்டேன். பழைய காகிதமெல்லாம் கரையான் தின்றுவிட்டதாம்.

மார்ச் 8

பழைய கல் ஒன்று இருந்தது. கோவிலைக் கட்டிய சுப்பன் கங்காணி தன் பேரையும் வருஷத்தையும் வெட்டிவைத்த கல். அதனால்தான் திருவிழாவில் முதல் மாலை அவருக்கு, அவருக்குப் பிறகு மகள் வேலாயிக்கு. கும்பாபிஷேகத்தின்போது என் வீட்டுக்காரர் கோவில் தலைவர். பெயர்க்கும்போது கல் உடைந்துபோச்சு என்றார். புதுப் பளிங்கில் 'தலைவர் சின்னையா' என்று ஏறியது. மாலையும் எங்கள் வீட்டுக்கு வந்தது. நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேனே.

உடைந்த துண்டு எங்கே என்று இன்று கேட்டேன். "அத ஏன் இப்பக் கிண்டுற?" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

மார்ச் 11

இவர் சோற்றை வாங்கிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

மார்ச் 15

ரோட்டு வேலை ஆட்கள் வந்து கோவில் சுவரில் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். வேலாயி தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். போகவில்லை. "எங்கப்பா கல்லு இருந்திருந்தா..." என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 17

துணி துவைக்கும்போது சோப்பு நழுவி, துவைக்கிற கல்லுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல் சந்தில் விழுந்தது. கையை விட்டுத் துழாவினேன். கல்லின் அடியில் வெட்டு வெட்டாக — எழுத்து.

ஐயோ. எட்டு வருஷம்! 74-இல் அவர்தான் ஆள் வைத்துத் தூக்கிவந்து போட்டார். இடுப்பு வலிக்குதுன்னியே, நல்ல ஒசரமான கல்லு என்றார். என் மேல் எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போனேன். பாவி மனுசா! சாமி கல்லுலயா என் அழுக்குப் பாவாடையத் தொவைக்க வச்ச?

மார்ச் 18

கேட்டேன். மறுக்கவில்லை. உடைக்க மனசு வரவில்லையாம், அதனால் கவிழ்த்துப் போட்டாராம். இப்போது எடுத்துக் காட்டினால் லயத்துச் சனமெல்லாம் காறித் துப்பும் என்றார்.

"மானம் போயிடும், திலகம்."

"கோயில் போனா?"

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுப்பேன், பிறகு வேலாயியைக் கூப்பிட்டு நானே புரட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். இருபத்தேழு வருஷத்தில் இவரிடம் இப்படிப் பேசியதில்லை.

மார்ச் 21, ஞாயிறு

காலையில் கடப்பாரையோடு அவரே வேலாயி வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்களோ. இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். கல்லைப் புரட்டியதும் வேலாயி மண்ணை முந்தானையால் துடைத்தாள். சுப்பன் கங்காணி, 1934. ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. அக்கா என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.

ஏப்ரல் 2

லிஸ்டில் ஏறிவிட்டது. ரோடு கோவிலைச் சுற்றிக்கொண்டு போகுமாம்.

மே 9

திருவிழா. முதல் மாலை வேலாயிக்கு. இவர் கூட்டத்தின் கடைசியில் நின்றார். நானும் அங்கேயே நின்றேன், நூல் புடவையில்.

மே 12

துவைக்கக் கல் இல்லை. வாளியில் குனிந்து கசக்கிப் பிழிந்து இடுப்பு விட்டுப்போகிறது. வேலாயி வாசலில் வந்து நின்றாள். "எங்க வீட்டுக் கல்லு சும்மாதான கெடக்கு. வந்து தொவைச்சுக்க" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.